பத்துக் கோட்டை

மூன்று விலா எலும்பு முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "முறிச்சது யாரு?" என்பதுதான். அவர் ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். முப்பத்துநான்கு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடை மட்டும் போதாது, வழிமுறை வேண்டும்.

"யாரோ நல்லா அழுத்தியிருக்காங்க டீச்சர். அதனாலதான் இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த யாரோ யார் என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின இரண்டு மாதமாக என்னை ஒரு மனுஷர்கூடத் தொட்டதில்லை.

என் பெயர் கெசியா. பாளையங்கோட்டையில் தனி வீடு, தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்கு அரிசி, அதை எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஜூன் மாதம் மாரடைப்பு வந்து இருதயம் பலவீனமானது. மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி, அதுவரை காவலுக்கு ஒரு சட்டையை மாட்டி அனுப்பினார்கள். ரவிக்கைக்கு உள்ளே போடுகிற சட்டை. அதன் முதுகிலும் நெஞ்சிலும் தகடுகள், இடுப்பில் தொங்க ஒரு பெட்டி. துடிப்பு தாறுமாறாக ஓடினால் அதுவே கண்டுபிடித்து, அதுவே மின்சாரம் பாய்ச்சித் துடிப்பை நேராக்கும். நமக்கு நினைவு இருந்தால் இரண்டு பொத்தானை அமுக்கி அதை நிறுத்திவிடலாம். நினைவு இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் பேசும். ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல்.

மாட்டிவிட்ட ஜோஷுவா அந்த மருத்துவமனையின் கருவிப் பிரிவில் இருக்கிறவன். அவன் ஒரு தாளை நீட்டினான். "உடனிருப்பவர் பேரு எழுதுங்க டீச்சர். ஒரு ஷாக்கில சரியாகலைன்னா யாராவது நெஞ்சை அழுத்தணும். அவங்களுக்கு நான் சொல்லித் தரணும்."

"கர்த்தர்னு எழுதிக்கோ," என்றேன்.

"போன் நம்பர் கேக்குது டீச்சர்."

அந்தக் கட்டம் காலியாகவே போனது. டார்லினிடம் கேட்டேன். கோயிலில் இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். "ஐயோ எனக்குக் கை நடுங்கும் டீச்சர்," என்று சிரித்து மழுப்பினாள். பாத்திரம் தேய்க்க வருகிற சுடலைவடிவிடம் கேட்கவே இல்லை. அவளைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. உள்ளதைச் சொல்லுகிறேன்.

வடிவு சீவலப்பேரிப் பக்கத்துக்காரி. ஐம்பது வயசு இருக்கும். சின்ன வயசில் ஒரு பண்ணையார் களத்தில் நெல் அளந்தவள். மாதம் ஒரு முறை அரிசி மூட்டை வந்தால், கடைக்காரன் எடை குறைத்திருக்கிறானா என்று பார்க்க அவள்தான் படியால் அளந்து டின்னில் போடுவாள். முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டாள். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போகும். களத்துப் பழக்கம். எனக்கு எரிச்சல் வரும். "ஏட்டி, லாபம்னு ஒரு எண்ணே கிடையாது. ஒண்ணுன்னு சொல்லு," என்பேன். "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா விளங்காது டீச்சர்," என்பாள். பதினோரு வருஷமாக இந்தச் சண்டை ஓடியது.

ஜூலை கடைசி ஞாயிறு திருவிருந்து ஆராதனை. ஆல்டர் முன்னால் தோளோடு தோள் முழங்காலிட்டிருந்தோம். குனிந்ததில் சட்டையின் தகடு விலகியிருக்க வேண்டும். பெட்டி முதலில் உறுமியது, அடுத்து சங்கு ஊதியது. பிறகு அந்தப் பெண், கோயிலே கேட்கும்படி, "மின்சாரம் பாய்ச்சப்பட உள்ளது. நோயாளியைத் தொடாதீர்கள்," என்றாள். நான் சேலை மடிப்புக்குள் பெட்டியைத் தேடிப் பிடித்து இரண்டு பொத்தானையும் அமுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எனக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை. கையில் கிண்ணத்தோடு குருவானவர்கூட இரண்டு அடி பின்னால் போயிருந்தார்.

அந்தக் குரல் அதற்கு மேலும் பேசும். மின்சாரம் பாய்ந்து முடிந்ததும், "இப்போது தொடலாம்" என்று சொல்லும். ஜோஷுவா எனக்குப் போட்டுக் காட்டியிருந்தான். ஆனால் நான் பொத்தானை அமுக்கியதில் சபையார் கேட்டது முதல் பாதியை மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு டார்லின் இரண்டு பெஞ்ச் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் கை கொடுக்கிற இடத்தில் எனக்கு மட்டும் தூரத்திலிருந்து கும்பிட்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். சபைக் கமிட்டி கிருபைராஜ் அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். அவர் வந்து, "கோவிச்சுக்கிடாதிய டீச்சர். பிள்ளைய ஓடி விளையாடுத இடம். கொஞ்சம் ஓரமா இருந்துக்கிட்டா நல்லது," என்றார். பேட்டரியில் ஓடுகிற பெட்டி, சும்மா தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நானும் எத்தனை பேருக்குத்தான் பாடம் எடுப்பேன். தலையை ஆட்டுவார்கள். ஆட்டிக்கொண்டே ஒரு அடி பின்னால் போவார்கள்.

வடிவுக்கும் செய்தி போய்விட்டது. திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "டீச்சர், நான் முத்தம் மட்டும் பெருக்கிப் போட்டுட்டுப் போறேன். வீட்டுக்குள்ள வரல. கரண்டுன்னா எனக்கு ஆகாதுல்லா."

அவள் புருஷன் மாடக்கண்ணு வயலில் மோட்டார் பெட்டியைத் தொட்டுச் செத்தவன். எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை. "நாலு எழுத்துப் படிச்சிருந்தா இப்படி முட்டாள் மாதிரி பேசமாட்ட. வரப் பிடிக்கலைன்னா நின்னுக்கோ," என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனவள் பிறகு வரவே இல்லை. என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடமே இருந்தது.

ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னைக் கடைசியாகத் தொட்டது ரத்தம் எடுத்த நர்ஸ். அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. குளிக்கிற பத்து நிமிஷம்தான் சட்டையைக் கழற்றலாம். அப்போது என் தோளை நானே ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன். அறுபத்தொரு வயசில் என்ன கூத்து என்று இருக்கும். ஆனாலும் பிடித்துக்கொள்வேன். சாவுக்கு எனக்குப் பெரிய பயம் இல்லை. விழுந்து கிடக்கும்போது அந்தப் பெண் "தொடலாம், தொடலாம்" என்று கத்திக்கொண்டிருக்க, சுற்றி நின்று ஊரே வேடிக்கை பார்க்குமே, அதற்குத்தான் பயம்.

செப்டம்பரில் எங்கள் கோயில் அசனம். சபையார் கூடிச் சமைத்து, சாதி மதம் பார்க்காமல் வருகிற அத்தனை பேருக்கும் சோறு போடுகிற நாள். வளாகம் முழுக்கப் பந்தல். ஆட்டுக்கறி வாசம் தெருமுனை வரை வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். தனியாக வீட்டில் ஒரு ஆழாக்கு வடித்துச் சாப்பிட அன்றைக்கு மனசு வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. இலையில் சோறு விழுந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு விலா வலியோடு ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "கர்த்தர்தான் காப்பாத்தினாரு," என்றார்கள். ரொம்பச் சரி. கர்த்தர் யார் கையை வைத்து அழுத்தினார் என்றுதான் கேட்டேன். கிருபைராஜ் அண்ணாச்சி ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டார். டார்லின் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தையே பார்த்துக்கொண்டு, "கூட்டத்துல ஒண்ணும் தெரியல டீச்சர்," என்றாள். கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

மூன்றாம் நாள் ஜோஷுவா வந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சுக்குள்ளேயே ஒரு சின்னக் கருவி வைத்துத் தைத்துவிட்டார்கள். பழைய பெட்டியைத் திருப்பி எடுத்துப் போக வந்திருந்தான்.

"இதுல சத்தமும் பதிவாகியிருக்கும் டீச்சர். சங்கு ஊதின நேரத்துல இருந்து."

"போடு," என்றேன்.

"வேண்டாம் டீச்சர். கேட்டா மனசு கஷ்டப்படும்."

"போடுலே."

லேப்டாப்பில் போட்டான். தட்டு அடுக்குகிற சத்தம். சங்கு. நாற்காலிகள் இழுபடுகின்றன. "நோயாளியைத் தொடாதீர்கள்." ஒரு பொத்தென்ற சத்தம், அது நான். சற்றுக் கழித்து அந்தப் பெண் நிதானமாக, "இப்போது தொடலாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்துங்கள்," என்றாள்.

யாரும் அழுத்தவில்லை. "யாரும் கிட்ட போகாதிய, கரண்டு இருக்கு," இது கிருபைராஜ் அண்ணாச்சி. டார்லின் அழுகிறாள், "கர்த்தாவே, டீச்சரப் பாருமே" என்று. நூத்தியெட்டுக்கு அடிச்சாச்சா என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லாக் குரலும் எனக்குத் தெரிந்த குரல். அதில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளே நான்தான். "இப்போது தொடலாம்" என்று அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும். நான் திரையின் ஓரத்தில் ஓடிய நொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. செத்தவள் நாற்பத்தொரு நொடி கிடந்தேன், சுற்றி இருநூறு பேர்.

பிறகு தூக்குச்சட்டியைத் தரையில் வைக்கிற ணங்கென்ற ஒரு சத்தம்.

"வழி விடுங்க."

"ஏட்டி, அங்கன போகாத," என்றார் அண்ணாச்சி.

"அதான் தொடலாம்னு சொல்லுதுல்லா," என்றது அந்தக் குரல். அதற்கப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

ஜோஷுவா நிறுத்தினான். "இதுதான் டீச்சர் எங்க யாருக்கும் புரியல. ஒண்ணுக்குப் பதிலா என்னமோ சொல்லுதாங்க. இருபத்தொண்ணு வரைக்கும் போயிட்டு மறுபடியும் முதல்ல இருந்து வாராங்க. ஏன் இருபத்தொண்ணு?"

"இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை," என்றேன். "களத்துல நெல்லு அப்படித்தான் அளப்பாவ. நீ போடு."

நான் எண்ணினேன். பத்துக் கோட்டை. இரண்டு நிமிஷம். ஒரு தடவைகூட எண் தப்பவில்லை. பெட்டி மறுபடியும் "தொடாதீர்கள்" என்றதும் நிறுத்தினாள். இரண்டாவது ஷாக். "இப்போது தொடலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும், "லாபம்" என்றாள். எங்கேயோ நான் முனகுகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளேயே ஜோஷுவா மூடிவிட்டான். நான் அழுதுகொண்டிருந்தேன், அழுதால் விலா வலித்தது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலையில் வடிவு வந்தாள். கேட்டுக்கு வெளியில் நின்று, சாவியைக் கம்பி வழியாக நீட்டினாள்.

"இது எங்கிட்டயே கெடந்துச்சு டீச்சர். குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வா வடிவு."

"அந்தச் சட்டையைக் கழத்தியாச்சா?"

"கழத்தியாச்சு."

அப்படியும் கேட்டைத் திறக்கவில்லை. அவளுக்குப் பயம் போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு நாளாக வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். வந்தது வேறு. "பயமா இருக்குன்னா, அன்னைக்கு மட்டும் எப்படிட்டி வந்த?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"எங்க வீட்டு ஆளு வரப்புல விழுந்து கெடந்தாவளே டீச்சர். நான் ஓடிப் போனேன். தொடாத, தொடாதன்னு எல்லாரும் சத்தம் போட்டாவ. நின்னுட்டேன். யாரோ போயி பீஸைப் புடுங்கிட்டாவளாம். அதை எங்கிட்டச் சொல்லல. நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருந்தேன். பொறவு தூக்கும்போது தொட்டுப் பாத்தேன். உடம்பு சூடு ஆறல." சாவியை மறு கைக்கு மாற்றினாள். "இனிமே தொடலாம்னு சொல்ல அன்னைக்கு ஒரு நாதி இல்ல டீச்சர். உங்களுக்கு அது சொல்லிச்சு."

கம்பி வழியாகச் சாவியை வாங்காமல் கையை மட்டும் நீட்டினேன். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி முதலில் ஒரு விரலால் தொட்டாள். பிறகு முழுக் கையையும் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான கை, வெதுவெதுப்பாக இருந்தது.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும்," என்றேன். "அரிசி வந்து கெடக்கு. டின்னு காலி. நான் வெயிட்டு தூக்கக் கூடாதாம்."

அவள் கேட்டைத் திறந்து பைய உள்ளே வந்தாள். மூட்டையைப் பிரித்து, படியை நிரப்பித் தலை தட்டி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "லாபம்," என்றாள்.

நான் திருத்தவில்லை.