சாவித்துளை இல்லாத கதவு

கடை பிழைத்துக்கொண்டது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாவி வெட்டிய நேரம் போக மீதி நேரம் ஈ ஓட்டிய இடத்தில் இன்று விரல் வைத்தால் திறக்கும் பூட்டுகள் வரிசையாகக் கண் சிமிட்டுகின்றன. தம்பிக்குச் சாப்பிட நேரமில்லை. அண்ணன்தான் கடையில் இல்லை.

இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. அண்ணன் அரம் பிடித்து ராவிய சாவி முதல் தடவையே திரும்பும். புதுப் பூட்டு விற்கலாம் என்று தம்பி தலைகீழாக நின்றபோது, "அது மக்கர் பண்ணா வீட்டுக்காரன் தெருவுல நிப்பான்டா" என்று சிரித்தார். தம்பிக்குச் சுருக்கென்றது. "உங்களைக் கட்டிக்கிட்டு அழுதா நாம ரெண்டு பேரும்தான் தெருவுல நிப்போம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். வாய் தவறியாவது, மண்ணாவது. நினைத்ததைத்தான் சொன்னான். அண்ணன் அரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் தம்பி வீட்டுச் சாவி ஒன்று அண்ணனிடமும், அண்ணன் வீட்டுச் சாவி ஒன்று தம்பியிடமும் என்று தொழில் தொடங்கிய நாளிலிருந்தே வழக்கம். அதை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது இருக்கும்வரை அண்ணன் ஒருநாள் வந்துவிடுவார் என்று தம்பி நம்பிக்கொண்டிருந்தான்.

பிறகு, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகத் தன் வீட்டுக் கதவிலேயே கேமரா வைத்த புதுப் பூட்டை மாட்டினான். அண்ணனிடம் இருந்த சாவி நினைவுக்கே வரவில்லை. பூட்டுக்காரனுக்கு வரலாமா இந்த மறதி?

ஒரு மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். வீட்டு வாசலில் தெரியாத ஆள் என்று செல்போன் சொன்னது. யாராவது எதையாவது விற்க வந்திருப்பான் என்று விரலால் தள்ளிவிட்டான். சாயங்காலம், பூட்டிலிருக்கும் கேமராவின் தெளிவைக் காட்டுவதற்காக வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்தப் படத்தை ஓடவிட்டான். வாசலில் அண்ணன். கையில் பழைய சாவி. சாவித்துளை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தேடினார். சாவியைக் கால்மிதிமேல் வைத்துவிட்டுப் போனார்.

"படம் பளிச்சுனு இருக்கே" என்றார் வாடிக்கையாளர்.

பூட்டை மாற்றுகிறவன் யாரையோ வெளியே நிறுத்தத்தான் மாற்றுகிறான் என்று கடையில் அண்ணன் வேடிக்கையாகச் சொல்வார். தம்பி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினான்.

அண்ணன் வீட்டுக் கதவில் தன்னிடமிருந்த சாவியைப் போட்டான். முதல் தடவையே திரும்பியது.

"பேசலாம்னுதான் வந்தேன். நீ பூட்டை மாத்திட்டே" என்றார் அண்ணன். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரைத் தன் வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தான்.

"விரலை வைங்கண்ணே. உங்க கைக்கும் திறக்கிற மாதிரி பதிஞ்சிடறேன்."

வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த விரலுக்கும் சிவப்புதான். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. அரம் பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

"நம்பர் தர்றேன்ணே. அழுத்தினா திறந்துடும்."

"அதெல்லாம் வாடகைக்கு வர்றவங்களுக்குக் குடு." அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. "நான் மணி அடிச்சுக்கறேன்டா."

அரத்தைத் தொட்டே பல வருஷமான தன் கட்டைவிரலைத் தம்பி வைத்தான். கதவு உடனே திறந்தது.