வெயிலில் நின்ற சிலிண்டர்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே கொட்டகை முழுக்க ஈரச் சாக்கு வாடை. தேவராஜ் சிலிண்டரைச் சாய்த்து, அதன் அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு வந்து குழாய் வரிசையில் நிறுத்துவான். யாதகிரி ஸ்பானரால் இணைப்பை முறுக்குவான். காஜா ஐஸ் மிதக்கும் தொட்டியில் கோணிச் சாக்கை முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அதன் மேல் போர்த்துவான். கம்ப்ரசர் இரையத் தொடங்கிவிட்டால் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. ஆக்சிஜன் உள்ளே நெருக்கியடித்து ஏற ஏற இரும்பு சூடேறும். அதைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கைகள் ஐஸ் தண்ணீரில் மறுபடி மறுபடி ஊறி, தோல் உரிந்து கிடந்தன. மே மாதத்தில் ஐதராபாத்தில் எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுவார்கள். இவர்களுக்குக் குளிரும் சேர்த்துத் தொல்லை.

இந்த ஐஸ் வேலை முதலாளி சாரங்கபாணியின் மூளையில் உதித்தது. சூட்டோடு நிரப்பினால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் சிவப்புக் கோட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடும். சிலிண்டர் ஆறியதும் இறங்கிவிடும். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையின் வாசலில் ஒவ்வொன்றுக்கும் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள்; முள் இறங்கியிருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு முறை பாதி லாரி அப்படித் திரும்பி வந்ததும் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளே ஐஸ் வந்து இறங்கியது. நன்றாகக் குளிரவை, முள் இறங்கட்டும், இறங்கின இடத்தில் இன்னும் ஏற்று, சில்லென்று இருக்கும்போதே கோட்டைத் தொடவேண்டும் என்பது உத்தரவு. வெயில் ஏறுவதற்குள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால், அதற்குப் பிறகு அந்த முள் என்ன ஆகிறது என்று இங்கே யாரும் யோசித்ததில்லை.

முற்றத்து மூலையில் அம்மணி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பழைய சிலிண்டர்களுக்கு உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்துக்கு வெள்ளை. துருவைச் சுரண்டினால் இரும்பும் பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். "ரொம்பச் சுரண்டாதே, மேலேயே அடி" என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்த வேலையும் அவள் புருஷன் தியாகு செத்த பிறகு அவர் போட்ட பிச்சை. போட்ட பிச்சையை வாரத்துக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவார்.

மார்ச் கடைசியில் ஒரு நண்பகலில், இதே முற்றத்தில்தான் ஒரு சிலிண்டர் வெடித்துத் தியாகு போனான். பம்பாய் சாலையில் போன கம்பெனி பஸ்களே சத்தம் கேட்டு நின்றனவாம். 'கை தவறிக் கீழே போட்டான், வால்வு மூக்கு உடைந்து வெடித்தது' என்றார் முதலாளி. பக்கத்தில் வேறு ஆள் இல்லை. எல்லோரும் நம்பினார்கள்.

அம்மணி எல்லோரையும்விட அதிகமாக நம்பினாள். அன்று காலை ஸ்டவ் பின்னைத் தொலைத்துவிட்டானென்று அவனை உண்டு இல்லையென்று பண்ணியிருந்தாள். அவன் பதில் பேசாமல் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். வெறும் வயிறு, மண்டையைப் பிளக்கும் வெயில். கண் இருட்டியிருக்கும், கை நழுவியிருக்கும். ஒரு பின்னுக்காக அவனைக் கொன்றுவிட்டோம் என்று அவள் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள். ஊராரிடம் சொல்லி அழக்கூட வழியில்லை. அந்த நாளிலிருந்து அவளுக்குக் கண்ணீரே வரவில்லை.

இது போதாதென்று அவனைப் பேயாக்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது தியாகு ஒவ்வொரு சிலிண்டரையும் ஸ்பானரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். நல்லது கணீரென்னும், கெட்டது மொத்தென்னும். இப்போது வெயில் ஏறினால் முற்றத்தின் தெற்குப் பக்கம் 'டக்... டக்' என்று சத்தம் வருகிறது. தகரக் கூரை சூட்டில் விரிகிறதோ என்னவோ, தேவராஜ் கூடத் தீர்மானமாகச் சொல்ல மாட்டான். தியாகு தட்டிப் பார்க்கிறான் என்று யாதகிரி காறித் துப்பிவிட்டு நகர்வான். அம்மணிக்கு அது ஈட்டியாகக் குத்தும். ஆனால் அந்தச் சத்தத்துக்காக அவள் காத்திருந்ததும் உண்டு. கோபமில்லாமல் வந்து தட்டுகிறானே என்று ஒரு ஆறுதல்.

ஆட்கள் தெற்குப் பக்கம் போகப் பயந்ததால் லாரி ஏற்றுவது தாமதப்பட்டது. முதலாளிக்கு அதுதான் உறுத்தியது. அன்று காலை அவர் அம்மணியிடம் வந்தார்.

"பூசாரி வராரு. நீ முன்னாடி நின்னு சொல்லணும்."

"என்னான்னு முதலாளி?"

"'உனக்கும் எனக்கும் தீர்ந்துபோச்சி, போயிடு'ன்னு. பொண்டாட்டி வாயால சொன்னாத்தான் போகுமாம்."

அம்மணி பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள். "அன்னைக்கும் சண்டை போட்டுத்தான் அனுப்பினேன். இப்பவும் போன்னு சொல்லவா?"

"அவன் செஞ்ச தப்புக்கு என் தொழில் நாசமாகணுமா? சொல்லிட்டுப் போவியா!"

அன்று லாரியும் வரவில்லை. வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. நிரப்பிய சிலிண்டர்கள் முற்றத்தில் வரிசையாக நின்று காய்ந்தன. அவற்றை நிழலில் வைக்கவென்று கட்டிய இன்னொரு கொட்டகையைத்தான் முதலாளி கடப்பாக்கல் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தாரே. பூசாரி தெற்கு மூலையில் எலுமிச்சம்பழங்களை அடுக்கி, பூசணிக்காயில் குங்குமம் தடவினான். முதலாளி ஆபீஸ் வாசலில் குடையோடு நின்றார். வேலைக்காரர்களுக்குப் பக்கத்தில் வராமல் அவ்வளவு தூரத்தில் ஏன் நின்றார் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

'டக்' என்றது எங்கோ. யாதகிரி இரண்டடி பின்னால் போனான். காஜா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டான்.

பூசாரி கையைக் காட்டினான். அம்மணி நடந்தாள். கால் பின்னிக்கொண்டது. விழாமலிருக்கப் பக்கத்துச் சிலிண்டரைப் பிடித்தவள் 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள். அவள் முந்தாநாள் அடித்த கறுப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. உள்ளங்கையை ஊதிக்கொண்டே அவள் அந்தச் சிலிண்டரைப் பார்த்தாள். சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

"தேவராஜ், விடிகாலையில இது ஜில்லுன்னு இருந்துச்சே."

"ஆமா அண்ணி."

"சூடேறினா முள்ளு ஏறும், ஆறினா இறங்கும்னு நீங்கதானே பேசிக்குவீங்க. இப்ப இது கொதிக்குது. இப்ப முள்ளு எங்க நிக்கும்?"

தேவராஜ் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தான். இத்தனை வருஷம் இரண்டு கையாலும் அளந்த விஷயம். முள் இறங்குவதைத் தினமும் பார்த்தவன். ஏறுவதைப் பார்க்க லாரி விட்டதில்லை.

"பார்த்ததில்ல அண்ணி."

"பாரு."

"டேய், பூஜை நடுவுல என்னடா கேஜ்?" என்று முதலாளி அங்கிருந்தே கத்தினார். தேவராஜ் கேஜைக் கொண்டுவந்து மூக்கில் முறுக்கினான். வால்வை மெல்லத் திறந்தான். முள் எழுந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, தாண்டிப் போய் ஒரு மூலையில் நின்று நடுங்கியது.

"யார்ரா ஏத்தினது இதை?" என்றான் யாதகிரி.  "விடிஞ்சப்புறம் குழாய்கிட்டயே கொண்டுபோகலையே."

காஜா தொட்டிக்கு ஓடினான். ஈரச் சாக்கை எடுத்துவந்து போர்த்தினான். 'சுர்ர்' என்று ஆவி பறந்தது. இன்னொரு சாக்கு. இன்னொன்று. எல்லோரும் கேஜைப் பார்த்துக் குனிந்து நின்றார்கள். முள் மெல்ல, மனமில்லாமல், கீழே இறங்கி வந்தது.

பேயை விரட்ட வந்த பூசாரிக்கு மனிதர்கள் முகத்தைப் பார்த்தே பயம் பிடித்துவிட்டது. பூசணிக்காயை அணைத்துக்கொண்டு கேட் பக்கம் நகர்ந்தான்.

காஜா சாக்கின் மேல் கையை வைத்தபடியே பேசினான். "பெஹன், நீ எனக்கு அக்கா மாதிரி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குத் துண்டெல்லாம் பொறுக்கினது நான்தான். மூக்கு முழுசா இருந்துச்சி. வயிறுதான் கிழிஞ்சிருந்துச்சி. கீழ போட்டிருந்தா மூக்குல்ல உடையணும்? கேட்டேன். முதலாளி, 'வாயைத் திறந்தா வேலை நக்கோ, போயிடு'ன்னுட்டாரு. சாயங்காலமே எல்லாத்தையும் அள்ளி அனுப்பிட்டாரு."

"அப்ப... கை தவறலையா?"

"தூக்கியிருக்கவே மாட்டான் பெஹன். பக்கத்துல நின்னிருப்பான். தட்டிப் பார்த்திருப்பான், அவ்வளவுதான்."

அம்மணி முதலாளியைப் பார்த்தாள். அவர் குடையை மடக்கிக்கொண்டு வேகமாக வந்தார். ஆனால் சிலிண்டர் வரிசைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டார். அதை இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

"அன்னைக்கும் லாரி வரல. இல்லையா முதலாளி?" என்றாள்.

"வெயில் அடிச்சா நானா பொறுப்பு? வெயிலை நானா காயச் சொன்னேன்?"

"வெயில் அதுபாட்டுக்குக் காயுது" என்றான் தேவராஜ். "ஐஸ் யார் வாங்கினது? நிழலை யார் வாடகைக்கு விட்டது?"

"துரு மேல பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு?" என்று அம்மணி கேட்டாள்.  எத்தனை வீட்டு ஆம்பளைகளுக்கு முன்னால் தன் கையாலேயே கறுப்புப் பூசி நிறுத்தியிருக்கிறாள்!

"சட்டம் பேசறீங்களா? கேட் திறந்துதான் இருக்கு. லிங்கம்பள்ளி ரயில் ஸ்டேஷன்ல கை தட்டினா வேலைக்கு ஆள் வரும்."

"வரட்டும். வர்றவங்களுக்கும் இந்த முள்ளைக் காட்டுவோம்" என்றான் தேவராஜ். "கோட்டுக்கு மேல ஒரு மூச்சு ஏத்த மாட்டோம். பழசையெல்லாம் டெஸ்டுக்கு அனுப்பணும். தியாகு மேல போட்ட பழியை எடுக்கணும். அதுவரைக்கும் கம்ப்ரசர் ஓடாது."

அதற்குள் யாதகிரி கடப்பாறையோடு கடப்பாக்கல் வியாபாரியின் கொட்டகைக்குப் போய்விட்டான். ஒரே நெம்பில் பூட்டு தெறித்தது. முதலில் எல்லாச் சிலிண்டர்களையும் சாக்கும் வாளியுமாக நனைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வால்வைக் கொஞ்சம் திறந்து, கோட்டுக்கு மேலே இருந்ததை வெளியே விட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று சீறிக்கொண்டு போனது. ஆக்சிஜனில் நெருப்பு குபீரென்று பற்றும் என்பதால் காஜா ஓடிப்போய், பூசாரி ஏற்றிவைத்திருந்த ஊதுபத்தியையும் அகலையும் மண்ணை அள்ளிப்போட்டு அணைத்தான். ஆறியவற்றை நிழலுக்கு உருட்டினார்கள். அம்மணி உருட்டிப் பழகாதவள். காஜா கழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் கொடுக்க, அவள் அடிவிளிம்பில் திருப்பித் திருப்பித் தள்ளினாள். கை எரிந்தது. விடவில்லை.

கடைசி சிலிண்டரும் உள்ளே போன பிறகு கேட்டுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். முதலாளி போலீஸுக்குப் போன் பேசுவது ஆபீஸ் ஜன்னல் வழியே கேட்டது. பேசிவிட்டு வெளியே வந்தவர் குரலை மாற்றிக்கொண்டார்.

"அம்மணி, நீ ஏம்மா இவனுங்களோட? எழுந்து வா. உன் வேலைக்கு நான் கேரண்டி. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிட்டு வந்துடு."

"அவரைப் போன்னு சொல்லணும், அதானே? நல்லாக் கேட்டுக்கோங்க முதலாளி. அவரு இங்கதான் இருப்பாரு. நானும் இங்கதான் இருப்பேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மார்ச்சிலிருந்து அடைத்து நின்றது மொத்தமும் வந்தது. மறைக்கத் தோன்றவில்லை. 'கை தவறல... கை தவறல' என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தேவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரும் அவளைத் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டார்கள்.

லாரி அப்போதுதான் வந்து கேட்டில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி என்னவென்று கேட்டான். யாதகிரி எழுந்து போய் அவனிடம் தெலுங்கில் எல்லாம் சொன்னான், கேஜில் முள் போய் நின்ற இடத்தையும் காட்டினான்.  டிரைவர், தன் முதுகுக்குப் பின்னால் தினமும் என்ன ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் ஓட்டினோம் என்று நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது, ஒரு தரம் திரும்பிக் காலி லாரியைப் பார்த்தான். "ஏத்துங்கடா, டைம் ஆச்சு!" என்று முதலாளி இரைந்தார். டிரைவர் இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். பம்பாய் சாலையில் போலீஸ் ஜீப் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்திருந்தவர்களிடம் வந்து, "ஜரா ஜருகண்டி" என்றான். அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து அவனும் உட்கார இடம் விட்டாள்.