214 காலி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: எங்கள் குடும்ப வரலாற்றில் முதன்முறையாக, குடும்பத்தார் மூவர், கடலோரச் சொகுசு விடுதி ஒன்றில், மூன்று பகலும் இரண்டு இரவும், ஐந்து நட்சத்திர அந்தஸ்துடன் தங்கித் திரும்பினார்கள்.

இந்த அறிவிப்பை வெளியிடும் உரிமை அத்தானுடையது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பால்காரர், பல் டாக்டர், தவறான எண்ணுக்குப் பேசிவிட்ட யாரோ ஓர் அம்மாள் என்று ஒருவரையும் விடாமல் அவர் வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தார். அத்தான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். காகிதத்தில் முத்திரையோடு வராத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவருடைய கொள்கை. கூடத்துச் சுவரில் அவர் ரத்ததானம் செய்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ரத்தம் கொடுத்தது ஒரு தடவை. காட்டியது நானூறு தடவை.

விடுதி கிடைத்ததோ அக்காவுக்கு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் துப்புரவுக்கு அவள்தான் தலைவி. இருபது வருடம் ஒழுங்காக வேலை பார்த்ததற்கு நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்தது. மூவர் தங்கலாம், அனைத்தும் அடக்கம். மகளுக்குப் பரீட்சை என்பதால் மூன்றாவது இடம் தம்பியான எனக்கு விழுந்தது.

'அடக்கம்' என்ற சொல் அத்தான் வாயில் வந்து நான் கேட்டது அப்போதுதான். காது மந்தமான தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணே, எல்லாம் அடக்கம்ணே!" என்று கத்தினார்.  அந்தப் பக்கம், "அடப்பாவி, எல்லாருமாடா? எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" என்று குரல் உடைந்தது.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாற்பத்தெட்டு வயதில் அவள் கடலைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். "ஒரு தடவை கால் நனைச்சிட்டா போதும்டா. மத்ததையெல்லாம் உங்க அத்தான் அனுபவிச்சுக்குவாரு."

போய் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வரவேற்புக் கூடத்துக்குச் சுவரே இல்லை. கூரை மட்டும் ஏதோ சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நின்றதுபோல் நின்றது. மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டை மாட்டினார்கள். அதைக் காட்டினால் எதுவும் தருவார்கள் என்றார்கள். அத்தான் அதைத் தூணுக்கும் காட்டிப் பார்த்தார். அக்கா அண்ணாந்து பார்க்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததே இல்லை.

"இவ்ளோ பெரிய தரையில ஒரு முடி கெடையாதுடா. யாரோ மகராசி!"

அறை எண் 214. மேசைமேல் தலையணைகளுக்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. பதினொரு வகை. அடக்கம்தானே என்று அத்தான் பதினொன்றையும் வரவழைத்தார். ஒவ்வொன்றிலும் தலையை வைத்து ஆராய்ந்தார். கடைசியில் வழக்கம்போல் தன் கையை மடித்து வைத்துத் தூங்கிப்போனார்.

விடிந்ததும் அக்கா திரையை விலக்கினாள். எதிரே கடல். அதைப் பற்றி ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. இவ்வளவு பெரிதாக ஒன்று, யாரும் கேட்காமலே, தன் பாட்டுக்கு அங்கே கிடந்தது. அக்கா கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். பிறகு கண்ணாடியில் பதிந்த கைத்தடத்தை முந்தானையால் துடைத்தாள்.

உடனே போயிருக்கலாம். போகவில்லை. அறையைச் சுத்தம் செய்ய ஆள் வருவார்கள் என்று அத்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ஐயையோ! அவங்க வர்றதுக்குள்ள கொஞ்சம் ஒதுங்க வச்சிடறேன்."

"அதுக்குத்தானேடி ஆளு வர்றாங்க?"

"போட்டது போட்டபடி கெடந்தா வர்றவ என்ன நெனைப்பா? நானா இருந்தா என்ன நெனைப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

ஒரு மணி நேரம். கட்டில் விரிப்பை இழுத்துச் செருகியதில் அதன் ஓரம் விரலை அறுத்துவிடும்போல் இருந்தது. குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. துண்டுகள் வந்த நாளின் மடிப்புக்கே திரும்பின. எங்கள் பைகளும் எட்டுத் தலையணைகளும் அலமாரிக்குள் போயின. மற்ற மூன்றும் கட்டில்மேல் அணிவகுத்தன. குப்பைக்கூடையில் இருந்த ஒரே ஒரு மிட்டாய்த் தாளை அக்கா தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கடலுக்குப் புறப்பட்டோம். கடைசிப் படியில் அவள் நின்றுவிட்டாள்.

படிக்கும் தண்ணீருக்கும் நடுவே நூறு அடி மணல். அதை ஒருவர் பெரிய சீப்புப்போன்ற ஒன்றால் வாரி முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கோடு கோடாக, தலைவாரிய குழந்தைபோல் கிடந்தது மணல். ஒரு காலடி கிடையாது. அந்த விடுதிக்கு வருகிறவர்கள் கடலுக்குப் போவதில்லை. நீச்சல் குளத்தில் கிடந்தபடி கடலைப் பார்ப்பதுதான் அங்கே கௌரவம்.

"என்னடி, நட!" என்றார் அத்தான்.

"இப்பதாங்க கூட்டியிருக்காங்க."

"அது மணலுடி!"

"எதுவா இருந்தா என்ன? நான் துடைச்ச தரையில பெரிய டாக்டரே கால் வைக்க மாட்டாரு. காயட்டும்னு வாசல்லயே நிப்பாரு. வேற யாராச்சும் மொதல்ல நடக்கட்டும், பின்னாடி போறேன்."

யாரும் நடக்கவில்லை. உச்சி வெயில் ஏறும்வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம். கால் நனையவில்லை. மறுநாள் பத்து மணிக்கு ஊர் திரும்ப வண்டி.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அத்தான் கம்பீரமாக மணிக்கட்டை நீட்டினார். கருவி சிவப்பாக எரிந்தது. மூன்று பட்டைக்கும் அதே கதி.

"மன்னிக்கணும் சார். இருநூத்திப் பதினாலு காலின்னு வருது," என்றார் சிப்பந்தி.

"காலியா? நான் யாரு தெரியுமா?"

"அதைத்தான் சார் நாங்களும் கேக்குறோம்."

அத்தானின் சத்தத்துக்கு மேலாளர் வந்தார். எல்லோரும் 214க்குப் போனோம். கதவின் முன்னால் ஓர் இளம் தம்பதி பெட்டிகளோடு நின்றிருந்தது. அறை அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாளை மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். அவள் தன் பேச்சிலிருந்து அசையவில்லை.

"உள்ள யாருமே தங்கலைங்க. படுத்த மெத்தையா, படுக்காத மெத்தையான்னு எனக்குத் தெரியாதா? கூடையில ஒரு தூசி இல்ல. காலின்னு எழுதிட்டேன்."

அக்கா மெதுவாக முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்து அந்த மிட்டாய்த் தாளை எடுத்து நீட்டினாள். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். மூன்று பைகளும் எட்டுத் தலையணைகளும் உயர வரிசையில் நின்றன.

அந்த அம்மாள் தாளைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், கட்டில் விரிப்பின் மூலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். "அம்மா, நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. பெரிய வித்வானைக் கண்ட சின்ன வித்வான் அப்படித்தான் கேட்பார்.

தம்பதியை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு மேலாளர் கைகூப்பாத குறையாக நின்றார். "தப்பு எங்க பக்கம்தான் மேடம். ஈடா என்ன வேணும்னாலும் கேளுங்க."

அத்தான் தொண்டையைக் கனைத்தார். அவரிடம் பட்டியல் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

"நாளைக்குக் காலையில அந்த மணல் வாருற சீப்பைக் கொஞ்ச நேரம் குடுப்பீங்களா?"

மறுநாள் விடிந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிப் படியில் வைத்தாள். சீப்பை வாங்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஓர் அடி பின்னால் வைத்தாள். முன்னால் பதிந்த காலடியை வாரினாள். இன்னோர் அடி, இன்னொரு வாரல். நூறு அடியும் அப்படியே. மணல்காரரும் துப்புரவு அம்மாளும் படியில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்கள். குளத்தில் கிடந்தவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கடலை அவள் பார்க்கவில்லை. கடல்தான் வந்து அவள் குதிகாலைத் தொட்டது.

அக்கா அப்படியே உறைந்தாள். அலை கணுக்காலைச் சுற்றி வளைத்துத் திரும்பியபோது காலடி மணலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. பிறகுதான் திரும்பினாள். சீப்பை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் வானத்துக்கும் நடுவே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. அந்த நேரம் முழுக்க அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரிடம் கண்ட அடக்கம் அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோதும் வாரிக்கொண்டே வந்தாள். படியேறியதும் மூவரும் மணலைப் பார்த்தோம். யாரும் போன தடமும் இல்லை, வந்த தடமும் இல்லை.

"எப்படிடி இருந்துச்சு?" என்றார் அத்தான், கிசுகிசுப்பாக.

"அது தானே கூட்டி, தானே துடைச்சுக்குதுங்க," என்றாள் அக்கா. கண் நிறைந்திருந்தது.

ஊருக்கு வந்த வாரமே, கண்ணாடிச் சட்டம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, தங்கியதற்குச் சான்றிதழ் கேட்டு அத்தான் விடுதிக்கு எழுதினார். முத்திரையோடு பதில் வந்தது. பதிவேட்டின்படி அந்தத் தேதிகளில் 214 காலி.