நாக்குக்கு அடியில் ஒரு மச்சம்

நாய்க்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தவன் தையல்காரியின் புருஷன். அது சோபாவை விட்டு இறங்காது, அவனும் இறங்கமாட்டான். அவள் ஒரு குரல் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து திரும்பிப் பார்க்கும்.

கதவு திறந்திருந்த நேரத்தில் அது ஓடிப்போய்விட்டது என்று சொன்னவனும் அவன்தான். அன்றைக்கு அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. மறுநாளே நோட்டீஸ் ஒட்டக் கிளம்பிவிட்டாள். இடது காது நிமிர்ந்திருக்கும், வலது காது மடங்கியிருக்கும், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை, வால் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். நாக்குக்கு அடியில் இருக்கும் கறுப்பு மச்சத்தை மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை. கண்ட நாயையும் இழுத்துக்கொண்டு வருகிறவர்களைச் சோதிக்க ஏதாவது வேண்டாமா? அந்த மச்சம் அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூடவே வந்தானே, மகராசன்!

மழைக்காலம் தொடங்கியதும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள்.

"அக்கா, நாய்க்கு ஒரு மழைக்கோட்டு தைக்கணும். எங்க பக்கத்துல யாரும் ஒத்துக்கல."

அளவு நாடாவோடு குனிந்தவளின் மடியில் நாய் பாய்ந்து ஏறியது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தன.

"இது உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட யாரோ ஒருத்தர் குடுத்தாராம். அவரு பொண்டாட்டிக்கு நாயே ஆகாதாம், அடிச்சு விரட்டறாளாம். பாவம், குடுக்கும்போது கண்ணு கலங்கிட்டாராம். நாக்குக்கு அடியில கறுப்பா இருக்கும், அது பிறவி மச்சம், பயந்துடாதீங்கன்னுகூட சொன்னாராம்."

தையல்காரி மிச்சமிருந்த நோட்டீஸ் ஒன்றை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"அந்தப் பொண்டாட்டி நான்தாம்மா."

அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் நாயைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அழுதுகொண்டே சங்கிலியை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நாயை மாடிப்படிக் கம்பியில் கட்டிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். அவன் சோபாவில் சாய்ந்திருந்தான்.

"போன் ஏதாவது வந்துச்சா?" அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"ஒருத்தி நேர்லயே வந்தா. மச்சத்தைக்கூட சரியா சொல்லிட்டா."

"சும்மா அடிச்சுவிட்டிருப்பா. அது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

"ஆமா. நான் யார்கிட்டயும் சொல்லலியே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வீடெல்லாம் முடி. நீயும் எந்நேரமும் அதோடதான்..."

"நான் அடிச்சு விரட்டினேனா?"

அவள் போய் நாயை அவிழ்த்துவிட்டாள். அவனைக் கடிக்க வேண்டாம், ஒரு உறுமலாவது உறுமட்டும் என்று நினைத்தாள்.

நாய் அவளைத் தாண்டி ஓடிச் சோபாவில் ஏறி, வாலை ஆட்டிக்கொண்டு அவன் கையை நக்கியது. அவள் வெறும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.