எக்காளக்காரருக்கு ரெண்டு பாயிண்ட்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். (கற்பூரம் நமுத்திருந்தது; அது வேறு விஷயம்.) திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி மேடையில் தொங்கிய பேனரைப் பார்த்துச் சிரித்தேன். கதை அங்கே பிறந்தது.

2

தொடக்கம் ஒன்று: “பனி மூடிய ஐரோப்பிய அரண்மனையில் ஒரு கறுப்பர் எக்காளத்தை உதட்டில்…”

வேண்டாம். எனக்குத் தெரிந்த பனி கொடைக்கானலோடு சரி.

தொடக்கம் இரண்டு: திண்டுக்கல் பக்கத்து எரியோட்டுக் கௌசல்யா அட்டக் கறுப்பு. அந்தக் கல்லூரியில் வரலாற்றுத் துறைக் கௌரவ விரிவுரையாளர். கௌரவத்தைத் தவிர மற்றதெல்லாம் தாமதமாக வரும். நானூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பாவில் கறுப்பர்கள் வாழ்ந்தார்கள், வேலை பார்த்தார்கள், வம்பளந்தார்கள் என்று நிறுவுவதிலேயே அவளுக்கு இளமை கழிந்தது.

“வெள்ளைக்காரன் ஊர்ல போயி கறுப்பனைத் தேடுறியேம்மா, எரியோட்லயே தேடலாம்ல?” என்பார் முதல்வர் உடையப்பன்.

“எரியோட்ல இருக்கோம்னு எல்லாருக்கும் தெரியுமேங்கய்யா. அங்க இருந்தாங்கன்னு சொன்னாத்தான் நம்ப மாட்டேங்குறாங்க.”

கல்லூரி நடத்தும் கருத்தரங்கில், தேர்வுக் குழு முன்னால் அவள் பேச்சு எடுபட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

3

அரண்மனையில் எக்காளம் ஊதும் கறுப்பரின் பழைய ஓவியம்தான் அவளுடைய பெரிய சாட்சி. அதையும் தன் படத்தையும் மேடைப் பேனருக்காகப் ப்ளெக்ஸ் கடை நாசரிடம் கொடுத்தாள். காலையில் மேடையேறிப் பார்த்தால் இரண்டு பேருமே ரோஜாப்பூ நிறம்.

போனைப் போட்டாள். “நாசர் பாய், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரங்க, எல்லாருக்கும் கம்ப்யூட்டர்ல நிறத்தை ரெண்டு பாயிண்ட் ஏத்தித்தான் மேடம் குடுப்போம். ஏத்தலேன்னா சண்டைக்கு வாராங்க.”

“சரி, இவரையுமா?”

“அவரு மட்டும் என்ன பாவம் பண்ணாரு?”

[இந்த இடத்தில் வாசகருக்கு நாசர் மேல் கோபம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. என் அறுபதாம் கல்யாணப் பேனரையும் அவர்தான் அடித்தார்.]

4

தேர்வுக் குழு முன்வரிசையில். உடையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்: “எங்கேம்மா உன் கறுப்பரு?”

முடிவு அ: “இப்படித்தாங்கய்யா காணாமப் போனாங்க” என்று பேனரைக் காட்டுகிறாள். கைதட்டல். வேலை நிரந்தரம். (ரொம்ப நன்றாக இருக்கிறது. அதனால் நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: “படத்துல நல்ல லட்சணமா இருக்கியேம்மா” என்று குழு வேலையைக் கொடுக்கிறது. (நம்ப முடிகிறது. அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.)

மைக்கைப் பிடித்தபடி நிற்கிறாள். எதைச் சொல்ல வைப்பது என்பது உங்கள் பாடு.

5

சரிபார்த்த தகவல் ஒன்று: கௌசல்யா பிறவியிலேயே எலுமிச்சம்பழச் சிவப்பு. கதைக்காக ரெண்டு பாயிண்ட் இறக்கியது நான்தான்.