எந்த நாட்டு அட்டை

சனிக்கிழமைகளில் பன்னிரண்டரை மணிக்குத் திராட்சைத் தோட்டத்து வேன் எங்கள் கடை வாசலில் வந்து நிற்கும். பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து வேலைக்கு வந்த பத்துப் பதினைந்து ஆட்கள் இறங்குவார்கள். இரண்டு மணிக்கு வேன் கிளம்பிவிடும் என்பதால் எல்லோரும் நேராக இறைச்சிப் பக்கம் ஓடுவார்கள். ஆஸ்திரேலியாவின் மில்டூரா ஊரில் அந்தப் பெரிய கடையில் போனும் விளையாட்டுச் சாமான்களும் விற்கும் கவுன்ட்டரில் நான் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். நானும் டோங்காக்காரிதான். எதுவும் வாங்காதவர்கள்கூட என்னிடம் வந்து, "லோசலினே, எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று பெனிசோனி வந்தார். கேட்கவில்லை. கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சுழலும் கம்பியில், வீடியோ கேம் வாங்கக் கணக்கில் பணம் ஏற்றும் அட்டைகள் தொங்கும். அதன் முன்னால் போய் நின்றார். நாற்பது வயது, கதவை அடைக்கிற உடம்பு. ஒரு ஐம்பது டாலர் அட்டையை எடுத்தார், பின்பக்கம் திருப்பிப் படித்தார், திரும்ப மாட்டினார். மறுபடி எடுத்தார்.

அவருடைய அறைத்தோழன் ஃபெலெட்டி தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தான்.

"என்ன பெனி, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி நிக்கிறே? புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லிட்டு வா. ஆட்டுக்கறி உருகுது."

"நீ போ. நான் வர்றேன்."

"போன சனிக்கிழமையும் இப்படித்தான் சொன்னே."

பெனிசோனி ஒரு முடிவுக்கு வந்தவர் போல அட்டையை என் முன் வைத்தார். ஐம்பது டாலர் அட்டை என்றால் நாங்கள் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். மோசடிக்காரர்கள் போனில் மிரட்டி அட்டைகளை வாங்க வைத்து, எண்ணை மட்டும் படிக்கச் சொல்லிப் பறித்துக்கொள்வார்கள்.

"யாராவது போன்ல வாங்கச் சொன்னாங்களா அண்ணே?"

"ஆமா தங்கச்சி."

என் கை நின்றுவிட்டது. "நம்பரைப் படிச்சுச் சொல்லணும்னு கேட்டாங்களா?"

"ஆமா. சுரண்டிட்டு உடனே சொல்லணும்னா."

"யாரு அது?"

"என் பொண்ணு கலோ. பன்னெண்டு வயசு."

ஃபெலெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெரிய கேடி அவ! போலீசைக் கூப்பிடு!"

பெனிசோனி சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். நவம்பரில் இங்கே வந்ததிலிருந்து கலோ வீடியோவில் வந்தால் இரண்டு வார்த்தைதான். நல்லா இருக்கேன்ப்பா. அம்மாகிட்ட குடுக்கிறேன்ப்பா. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளாகவே கூப்பிட்டு ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகு ஓட்ட வேண்டும். ஒருவர் சுக்கான், இன்னொருவர் பாய். ஒருவர் டோங்காவில் எங்கள் ஹஅபாய் தீவில் இருந்தாலும் இன்னொருவர் மில்டூராவில் இருந்தாலும் படகு ஒன்றுதான். ஃபெலெட்டியிடம் டிவியில் மாட்டி வீடியோ கேம் விளையாடும் பெட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். "நீங்க வர்றீங்களாப்பா?" என்று கேட்டாளாம்.

"போன வாரம் இங்கேயே ஒரு கார்டு வாங்கி நம்பர் அனுப்பினேன். செல்லாதுன்னு வந்துடுச்சு. மூணு தடவை போட்டுப் பார்த்தா. அப்புறம், 'பரவாயில்ல, விடுங்கப்பா'ன்னுட்டா."

அந்த 'விடுங்கப்பா'வை அவர் மகளின் குரலிலேயே சொன்னார்.

"இன்னொண்ணு வாங்கி அதுவும் செல்லலேன்னா, இனிமே அவ கேக்கவே மாட்டா."

போன வாரம் என் விடுமுறை. வேறு யாரோ விற்றிருக்கிறார்கள். "அந்தப் பழைய கார்டு இருக்கா?" என்றேன். பர்ஸிலிருந்து ரசீதோடு எடுத்துக் கொடுத்தார்.

இந்த அட்டைகள் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கம்பியில் தொங்கும்போது அது வெறும் காகிதம். நூறு அட்டையைத் திருடிக்கொண்டு ஓடினாலும் ஒரு பைசா பிரயோசனமில்லை. இங்கே கவுன்ட்டரில் 'பீப்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அப்போதுதான் எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்கு, இந்த எண்ணை எழுப்பு என்று சேதி போகும். அதற்குப் பிறகு எண் விழித்திருக்கும், யாராவது போடும் வரை. போன வாரத்து ரசீதில் எழுப்பிய நேரம் சரியாக இருந்தது. அப்படியென்றால் அட்டை உயிரோடுதான் இருக்கிறது.

"கலோ இதுக்கு முன்னாடி எப்பவாவது கார்டு போட்டிருக்காளா?"

"கிறிஸ்துமஸுக்கு ஆக்லாந்துல இருந்து எங்க லெசியேலி அக்கா ஒண்ணு அனுப்பினாங்க. அது உடனே ஏறிடுச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. "அவளுக்குக் கணக்கு தொடங்கும்போது எந்த நாடுன்னு கேட்டிருக்குமே. என்ன போட்டாங்க?"

"டோங்கா அந்த லிஸ்ட்லயே இல்லையே. நியூசிலாந்துன்னு போட்டோம். நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?"

ஆமாம், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவோம். பட்டியலில் நம் நாடு இல்லையென்றால் அக்காவோ சித்தப்பாவோ இருக்கிற நாட்டைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம்.

இரண்டு அட்டைகளையும் கவுன்ட்டரில் வைத்தேன். "அண்ணே, இந்த விளையாட்டெல்லாம் விக்கிற ஆன்லைன் கடை பார்க்கிறதுக்குத்தான் ஒண்ணு. உள்ளே நாட்டுக்கு ஒரு கடை. இது ஆஸ்திரேலியாக் கடையோட சாவி. கலோவோட கதவு நியூசிலாந்துல இருக்கு. சாவியும் கெடல, கதவும் கெடல. ரெண்டும் வேற வேற வீடு."

"அப்போ அவ நாட்டை மாத்திட்டா?"

"கணக்குல சில்லறை ஏதாவது மிச்சம் இருந்தா மாத்த விடாது."

"எண்பது காசு இருக்குன்னா. அத்தை அனுப்பினதுல மிச்சம்."

"அதான். இன்னொண்ணு வாங்காதீங்க. வாங்கினா அதுவும் இதே மாதிரிதான்." அட்டையை எடுத்துக் கம்பியில் மாட்டினேன். "லெசியேலி அக்காகிட்ட சொல்லி அங்கேயே ஒண்ணு வாங்கச் சொல்லுங்க."

பெனிசோனியின் முகம் சுருங்கியது. "அக்காகிட்டயா? விளையாட்டுச் சாமானுக்கா? என்னால கேக்க முடியாது தங்கச்சி."

அது எனக்குத் தெரியும். எங்களில் அக்கா என்றால் தம்பி குரலைத் தாழ்த்திக்கொள்வான். அக்கா கேட்டால் கொடுப்பான். அவன் போய்க் கேட்கமாட்டான்.

"உங்களுக்கு இல்லையே, கலோவுக்குத்தானே? அத்தைக்கு மருமக மேல இருக்கிற உரிமை உங்களுக்கே கிடையாது. கேக்காம இருந்தாத்தான் அவங்களுக்குக் கோபம் வரும்."

மணி ஒன்றாகிவிட்டது. டோங்காவில் மூன்று. நாளை ஞாயிறு, தேவாலய நாள், ஹஅபாயில் எந்த வீட்டிலும் விளையாட்டுப் பெட்டியைத் தொடமாட்டார்கள். மற்ற நாட்களில் இவர் தோட்டத்திலிருந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இன்றைய சாயங்காலத்தை விட்டால் இன்னும் ஒரு வாரம்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைக் கம்பியையே பார்த்தார். செல்லாது என்று தெரிந்தாலும், அங்கேயே ஒன்றை வாங்குவது அக்காவிடம் கேட்பதைவிட எளிது. பிறகு கம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எண்ணை அழுத்தினார். அக்காவின் குரல் வந்ததும், அதுவரை கேலி செய்துகொண்டிருந்த ஃபெலெட்டி வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி ரொட்டிப் பக்கம் போய்விட்டான். ஒருவனின் அக்கா பேசும்போது பக்கத்தில் நின்று ஜோக்கடிக்கக் கூடாது.

"அக்கா... ஒரு சின்ன விஷயம்..."

"உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லக்கா. கலோவுக்கு ஒரு கார்டு..." எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

"போன வாரமே செல்லலையா? அப்போ ஏண்டா என்கிட்ட சொல்லல? அவளுக்கு அத்தை நானா, இல்ல அந்தத் திராட்சைத் தோட்டமா?"

"மன்னிச்சுக்கோங்கக்கா."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். நான் சந்தையில இருக்கேன். எதிர்ல பெட்ரோல் பங்க்ல விக்கிறான். வை போனை."

பதினைந்து நிமிஷத்தில் அட்டையின் படம் வந்தது. எண்ணின் கடைசி மூன்று எழுத்துகள் மேல் அத்தையின் கட்டைவிரல். பெனிசோனி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மறுபடி அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா... கொஞ்சம் விரலை..."

"என்ன விரலை?"

"எடுத்துட்டு... இன்னொரு படம்..."

இரண்டாவது படம் விரல் இல்லாமல் வந்தது. அதை அவர் கலோவுக்கு அனுப்பினார். நான் பழைய அட்டையை, ரொட்டியோடு திரும்பி வந்த ஃபெலெட்டியிடம் கொடுத்தேன். அவன் தன் கணக்கை இங்கே மில்டூராவில்தான் தொடங்கியிருந்தான், ஆஸ்திரேலியாக் கணக்கு. இரண்டு பக்கமும் விளையாட்டு இருந்தால்தான் படகு நகரும். "வீட்டுக்குப் போனதும் இதை உன் பெட்டியில போடு, பெனி அண்ணனுக்கு அந்தப் படகு விளையாட்டை வாங்கிக் குடு" என்றேன்.

"செல்லாத கார்டுன்னு ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியே!" என்று பெனிசோனியின் முதுகில் தட்டினான்.

அவருக்கு அது காதில் விழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வேன்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். ஃபெலெட்டி பணம் கட்டப் போனான்.

போன் அடித்தது. வீடியோ. திரை முழுக்க ஒரு நெற்றி.

"அப்பா! ஏறிடுச்சு!"

"ஏறிடுச்சா?"

"டவுன்லோட் ஆகுது. நீங்க எப்ப ரூமுக்குப் போவீங்க?"

"மூணு மணிக்குள்ள போயிடுவோம். அங்கே அஞ்சு."

"சரி. நான் சுக்கான், நீங்க பாய். பட்டனெல்லாம் தெரியுமா?"

"தெரியாதே."

"ஒண்ணுமே தெரியாதா?"

"ஒண்ணுமே தெரியாது."

"அய்யோ அப்பா! சரி, இப்பவே சொல்றேன். கட் பண்ணிடாதீங்க. பேனா இருக்கா?"

என் மேஜையிலிருந்து பேனாவை நீட்டினேன். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். இடது குச்சி காற்றுக்கு. வலது பொத்தான் கயிற்றை இழுக்க. பாறை வந்தால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். "இல்லப்பா, அப்படிப் பிடிச்சா கவிழ்ந்துடும், திரும்பச் சொல்லுங்க" என்று அவள் அதட்ட, அவர் திரும்பச் சொன்னார்.

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. ஃபெலெட்டி இரண்டு பேர் பைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெனிசோனி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, வழியில் நின்ற தள்ளுவண்டியில் இடித்து, வேன் படியில் தடுக்கி, ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்தும்வரை கலோவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.