மஞ்சள் வைத்த சல்வார்

டெல்லி சவுத் எக்ஸ்டென்ஷன் துணிக்கடை வாசலில் அருக்காணி செருப்பைக் கழற்றிவிட்டாள். யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தரை அப்படி மின்னிக்கொண்டிருந்தது. கூரையில் எரிந்த விளக்குகளெல்லாம் அதற்குள்ளும் எரிந்தன. கதவருகே நின்ற காவலாளி அவளையும் அந்த ரப்பர் செருப்பையும் மாறி மாறிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சுஜாதா ஓடி வந்தாள்.

"அய்யோ ஆன்ட்டி, இது என்ன மாரியம்மன் கோயிலா? செருப்பைப் போட்டுக்கிட்டு ஜல்தி வாங்க. மானேஜர் சாப்பிடப் போயிருக்கார்."

மோதி பாக் பக்கம் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஜுக்கியில், அருக்காணியின் குடிசைக்கு மூன்றாவது குடிசை சுஜாதாவுடையது. டெல்லியிலேயே பிறந்த பெண். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இந்தக் கடையில் துணி மடித்து வைக்கிற வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. தூக்கிக் கட்டிய கொண்டையும் கறுப்புச் சட்டையுமாக அவளைப் பார்க்க, தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற பெண்ணா இவள் என்றிருந்தது.

அருக்காணி செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆனாலும் அடி எடுத்து வைக்கக் கால் கூசியது. இந்தத் தரையை அவள் முன்னமே அறிவாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லை அறுத்துப் பதித்து, மெஷின் பிடித்துத் தேய்த்தவர்களில் அப்பாவு என்ற அவள் புருஷனும் ஒருவன். "கடைசி நாள் குனிஞ்சு பார்த்தேன் புள்ள, எம் மூஞ்சி கண்ணாடியாட்டத் தெரிஞ்சுது" என்று அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னான். அந்த நாளில் வேலை முடிந்து வந்தால் புருவம், இமை, காதுமடல் எல்லாம் மாவு அப்பியது போல வெளுத்திருக்கும். ஜுக்கிப் பிள்ளைகள் அவனை 'பவுடர் மாமா' என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அந்தப் பொடியைத் தட்டி அவர்கள் கன்னத்தில் பூசிவிடுவான். அந்தப் பொடி மேலுக்கு மட்டும் ஒட்டுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

இரண்டு வருஷமாக இருமல். இப்போது எட்டடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பதினோரு தடவை போய்வந்தாகிவிட்டது. விடியுமுன் வரிசை, பத்து மணிக்குச் சீட்டு, மதியம் டாக்டரின் மேஜை. அங்கே நிற்கக் கிடைப்பது இரண்டு நிமிஷம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடிப்பார், சீட்டில் எழுதுவார், "இதைச் சாப்பிடு, அடுத்த மாதம் வா" என்பார். என்ன நோய் என்று கேட்க அவள் ஹிந்தியில் வார்த்தை கூட்டுவதற்குள் அடுத்த ஆள் அவள் தோளை இடித்துக்கொண்டு வந்துவிடுவான்.

போன தடவை அவர்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் வந்தாள். வெளிர்நீலத்தில் சல்வார், ஓரமெல்லாம் நூல் வேலை, கையில் கறுப்புக் கண்ணாடி. டாக்டர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். படத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். அந்த அம்மாளுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் அவளுடைய டிரைவருக்கு. அவன் சுவரோரம் கைகட்டி நின்று தன் நெஞ்சைப் பற்றிய எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துப் புருஷனுக்கு வந்த ஏக்கத்தை அருக்காணி கண்டாள். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அப்பாவு மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொன்னான்:

"மருந்து கூட வேண்டாம் புள்ள. ஒருக்கா உக்கார வெச்சு, உனக்கு இன்னதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அவள் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மோதி பாக் குவார்ட்டர்ஸில் வத்சலா அம்மா நல்லவர். வருஷத்துக்கு இரண்டு புடவை கொடுப்பார். அதில் நல்லதாகப் பார்த்து உடுத்திக்கொண்டும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஆனால் கொடுத்த துணிக்கு ஒரு முகம் இருக்கிறது. ரவிக்கை ஒரு நிறம், புடவை ஒரு நிறம், முந்தானையில் யாரோ தைத்த தையல். வாசல் காவலாளி அந்த முகத்தைத் தூரத்திலேயே கண்டுகொள்கிறான்.

"இதுதான் ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரி" என்று சுஜாதா ஒரு சல்வாரை எடுத்து விரித்தாள். அதே வெளிர்நீலம். கழுத்தில் ஒரு டிசைனரின் பெயர் நெய்த பட்டை. அதிலிருந்து உள்ளங்கை அகல அட்டை ஒன்று தொங்கியது, தங்க எழுத்தோடு. விலை, நாலு வீட்டின் மூன்று மாதச் சம்பளம்.

"பணக்காரங்கதான் இதெல்லாம் வாங்கறாங்கன்னு நினைக்காதீங்க" என்றாள் சுஜாதா, குரலைத் தாழ்த்தி. "போன வாரம் ஒரு ஆபீஸ் பியூன் வந்தார். பொண்ணைப் பார்க்க வர்றாங்களாம். பாவம், பில் போடறப்ப நோட்டை மூணு தடவை எண்ணினார். நான் என்ன சொல்றது? இந்த ஊர்ல துணிக்குத்தான் ஆன்ட்டி முதல்ல நமஸ்தே சொல்றாங்க." பிறகு அட்டையைக் கழுத்துக்குள் மடித்துக் காட்டினாள். "இதை அறுக்காதீங்க. ஒரு கறை படக் கூடாது. ஏழு நாளுக்குள்ள கொண்டுவந்தா நான் திருப்பி எடுத்துக்கிட்டு பணத்தை வாங்கிக் குடுத்துடறேன். அச்சா?"

அருக்காணி தலையாட்டினாள். ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். புருஷனுக்கு இருமல் வந்த மாதம் ஆத்தூர்ப் பக்கத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டு முடிந்த காணிக்கை. மாதாமாதம் அவிழ்த்து, சேர்த்து, மறுபடி முடிந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த முடிச்சுதான் சாமி மாடத்தில் குழந்தை மாதிரி கிடக்கும். காலையில் அதை எடுக்கும்போது, "ஆத்தா, உன்ற காசு. ஏழே நாளு. வெச்சுருவேன்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை ஆஸ்பத்திரி. அன்று மாலை தண்ணீர் பிடித்துவிட்டுக் குடத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பாவு எழுந்து உட்கார்ந்திருந்தான். காகிதப் பை பிரிந்து கிடந்தது. சல்வார் அவன் மடியில் இருந்தது. சாமி மாடத்துக்குப் போய்வந்த நடை அவன் மூச்சில் தெரிந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. வலது கை மோதிர விரல் மஞ்சளாக இருந்தது.

"உனக்குத்தானே புள்ள? சுஜாதாவோட அம்மா சொல்லிட்டுப் போச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீயா உனக்குன்னு எடுத்த மொதத் துணி. மஞ்ச வெக்காம போட்டுக்கலாமா?"

சல்வாரின் ஓரத்தில், நூல் வேலைக்குப் பக்கத்தில், ஈரத்தோடு குழைத்து வைத்த மஞ்சள், ஒரு காசு அகலத்துக்கு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

அருக்காணி குடத்தை இறக்கி வைத்தாள். இறக்கி வைக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாமோ அவ்வளவு எடுத்துக்கொண்டாள். மஞ்சள் போகாது. எந்தச் சோப்புக்கும் போகாது. அம்மன் காசு போயிற்று. இதைச் சொன்னால் இவன் முகம் என்னவாகும் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு நிமிர்ந்து பார்த்தபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இத்துனூண்டு வெச்சா ஆத்தாளுக்குப் பத்துமா? அந்தப் பக்கமும் வெய்யுங்க" என்றாள்.

அவன் மறுபடி விரலை நனைத்து மறு ஓரத்திலும் வைத்தான். "போட்டா பஞ்சாபிக்காரியாட்ட இருப்பே. என்னைத் தெரியாதுன்னு சொல்லிராத."

மஞ்சள் ஏறிய பிறகு அந்த அட்டைக்கு வேலை இல்லை. இருந்தும் அறுக்க மனம் வரவில்லை. காலையில் உடுத்தும்போது கழுத்துக்குள்ளேயே மடித்துவிட்டாள். தாலிக் கயிற்றையும் உள்ளே தள்ளித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். அப்பாவுவால் வர முடியாது. படங்களும் சீட்டுகளும் இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் காவலாளி கதவைத் திறந்தான். பதினோரு தடவை கம்பால் வரிசையைக் காட்டிய அதே ஆள்தான். இன்று, "உள்ளே போங்கள் மேடம்" என்றான். நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். வரிசையில் நின்றவர்களைப் பார்க்க முடியவில்லை.

அறைக்குள் டாக்டர் நிமிர்ந்தார். இளைஞர்தான், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "ஆயியே, பைட்டியே" என்றார். வாருங்கள், உட்காருங்கள். நாற்காலி இருந்தது. அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

அவர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்தார். சீட்டைப் பார்த்தார். "அப்பாவு. கல் தேய்க்கிறவர்" என்று படித்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "இவர் உங்களிடம் வேலை செய்பவரா?"

இல்லை, என் புருஷன் என்பதற்கு அவளுக்கு ஹிந்தியில் இரண்டே வார்த்தைகள் வேண்டும். அவை நாக்கில் இருந்தன. சொன்னால் நாற்காலி போய்விடுமோ? இந்தக் குரல் பழைய குரலாகிவிடுமோ? டிரைவர் நின்ற சுவரோரம் இப்போது காலியாக இருந்தது.

"ஹாஞ்ஜி" என்றாள். ஆமாம்.

டாக்டர் பேசினார். கல்லின் தூள் நுரையீரலில் படிந்து அதையே கல்லாக்கிவிட்டது. இரண்டு பக்கமும். திரும்பச் சரியாக்க மருந்து கிடையாது. கொடுப்பதெல்லாம் மூச்சுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஐந்தாறு மாதம் இருக்கலாம். குறையலாம். வரிசையில் கொண்டுவந்து நிறுத்தி அலைக்கழிக்க வேண்டாம், பிடித்ததைக் கொடுங்கள், சாய்ந்து உட்கார வையுங்கள். "முன்னாலேயே யாராவது வந்து கேட்டிருக்கலாமே" என்றும் சொன்னார். பதினோரு தடவையும் அவள் இதே மேஜை முன்னால்தான் நின்றாள். அவரிடம் கோபப்படத் தோன்றவில்லை. நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே இருந்தது?

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டாக்டரும் எழுந்தார். ஒரு கணம் தயங்கினார்.

"அவருக்கு மனைவி இருக்கிறாளா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"பாவம். நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம். பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகச் சொல்லுங்கள்."

"சொல்றேன்" என்றாள் தமிழில். அவருக்கு அது கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் மடியில் காய்ச்சல் பிள்ளையோடு இருந்த ஒரு ராஜஸ்தான்காரி, இவளைக் கண்டதும் அவசரமாக எழுந்து இடம் விட்டாள். அருக்காணிக்கு அப்போதுதான் அழுகை முட்டியது. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். கையில் கசங்கியிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள், எழுத்துப் புரியவில்லை. ஆனால் இந்தத் துணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அவளைக் கையோடு பிடித்து அழைத்துக்கொண்டு மறுபடி அந்தக் கதவுக்குப் போனாள். "பாயி சாப், இவளுக்கு ஒரு நாற்காலி" என்று காவலாளியிடம் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் எடுத்து வந்து போட்டான்.

வீட்டுக்கு வரும்போது மதியம். கரண்ட் இல்லை. தகரக் கூரை காய்ந்து உள்ளே அனலாக இருந்தது. சுவரில் சாய்ந்திருந்த அப்பாவு அவள் கால் சத்தத்துக்கே கண் திறந்தான்.

"என்ன சொன்னாரு?"

அவள் அவன் பக்கத்தில் மண் தரையில் உட்கார்ந்தாள். துணியைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

"உக்கார வெச்சுப் பேசினாருங்க."

"நாற்காலியிலயா?"

"நாற்காலியிலதான். கால் மணி நேரம்."

"அப்படிப் போடு" என்றான். அவன் முகத்தில் அந்த டிரைவரின் முகம் வந்து போயிற்று. "நாமளும் மனுசங்கதானே புள்ள." அவர் என்ன சொன்னார் என்று அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதென்ன புள்ள, அட்ட துருத்திக்கிட்டு நிக்குது? குத்தல?"

"குத்துது."

"இப்படித் திரும்பு."

நூலை இழுத்து அறுக்க அவனுக்கு மூன்று மூச்சு பிடித்தது. அறுந்ததும் களைத்துத் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டான். அவள் அந்த அட்டையை அவன் கையிலிருந்து வாங்கினாள். கெட்டியான, நல்ல அட்டை. அதை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல விசிறத் தொடங்கினாள். தங்க எழுத்துகள் வெளிச்சத்தில் போய் வந்தன.

"காத்து வருதுங்களா?"

"வருது புள்ள" என்றான் அப்பாவு, கண்ணை மூடிக்கொண்டு.